படுத்துப் பார்க்காத மெத்தை

"கீழ நின்னு இழுத்தா வராது. ரெண்டு பேர் மேல ஏறுங்க" என்று மகன் சக்திவேல் கத்தினான்.

கடை ஆட்கள் இரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெத்தைமேல் ஏறினார்கள். அவர்கள் முட்டி போட்டதும் மெத்தை அமுங்கி, உடனே ஒரு தூக்குத் தூக்கியது. அந்தத் தூக்கலில் நடுவில் கிடந்த மாணிக்கவாசகமும் ஒருதரம் எழும்பி அடங்கினார். வாசற்படியில் நின்ற எதிர்வீட்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பேச்சியம்மாள் கையைக் கட்டிக்கொண்டு அலமாரியோரமாக நின்று பார்த்தாள். செத்த பிறகும் மனுசனைச் சும்மா கிடக்கவிடாத மெத்தை. ஊரில் உள்ள கட்டுரையை எல்லாம் வாசித்து இதைத்தான் பொறுக்கி எடுத்தார்.

"தல பக்கம் யாராவது பிடிங்கப்பா."

தலைப் பக்கம் பிடிக்கச் சுவர் இடித்தது. கட்டிலே உயரம், அதன்மேல் ஒரு சாண் கனத்துக்கு இந்த மெத்தை. நின்றவர்களின் இடுப்புக்கு மேலே அவர் கிடந்தார். கடைசியில் விரிப்போடு சேர்த்து இழுத்து, விளிம்புக்குக் கொண்டுவந்து, நான்கு பேர் வாங்கிக்கொண்டார்கள். ஹாலில் ஐஸ் பெட்டி காத்திருந்தது. ஐப்பசி மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது.

அவர்கள் போன பிறகு பேச்சியம்மாள் மெத்தையைப் பார்த்தாள். அவர் கிடந்த இடத்தில் ஒரு பள்ளம், ஒரு சுருக்கம், எதுவும் இல்லை. இவ்வளவு நேரம் யாரும் படுத்திருக்கவே இல்லை என்பதுபோல மட்டமாகக் கிடந்தது.

காலையில் காப்பியோடு வந்தபோது அவர் குறுக்காகக் கிடந்தார். ஒரு கால் கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கை விரிப்பைச் சுருட்டிப் பிடித்திருந்தது. "மணி என்ன ஆவுது, இன்னும் என்ன உருண்டுக்கிட்டு கிடக்கிய? காப்பி ஆறுது" என்று சொல்லிவிட்டு அவள் டம்ளரை வைத்தாள். ஏ.சி.யை நிறுத்தினாள். திரையை விலக்கினாள். திரும்பவும் ஏதோ சொல்ல வாயெடுத்த பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். மாடி வீட்டு டாக்டர் வந்து நாடி பிடித்துப் பார்த்து, ராத்திரியிலேயே நெஞ்சு நின்றிருக்கும் என்றார்.

அந்த அறையில் அவள் படுத்து இரண்டு மாதமாகிறது. மெத்தை வந்த மூன்றாம் நாளே பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டாள். ஏறினால் கால் தரையில் படவில்லை. இறங்கினால் குதிக்க வேண்டியிருந்தது. புதுச் செருப்புக் கடைக்குள் படுத்ததுபோல ரப்பர் நாற்றம் வேறு.

"ஏணி ஒண்ணு வாங்கிப் போட்டியன்னா நானும் ஏறிப் படுப்பேன்" என்றாள்.

"உனக்கெல்லாம் கோரப்பாய்தாம்ளா லாயக்கு" என்றார் அவர், கைபேசியிலிருந்து கண்ணெடுக்காமல்.

திசையன்விளைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, தியாகராய நகரில் ஜவுளிக்கடை போட்டு, நாற்பது வருடம் துணி விற்றவர் மாணிக்கவாசகம். துண்டு, வேட்டி, பாவாடைத் துணி. யாராவது துணியைத் தொடாமல் விலை கேட்டால் அவருக்குப் பிடிக்காது. "தொட்டுப் பாரும்யா. கண்ணால பாத்து வாங்க இது என்ன சினிமாவா?" என்று பீஸைப் பிரித்து அவர்கள் மடியில் போடுவார். மில்லிலிருந்து வரும் சரக்கைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் தேய்த்துப் பார்த்தே நூல் எண்ணைச் சொல்லுவார். அந்த மனுசன்தான் கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்த ஒரு வருடத்துக்குள் இப்படி ஆனார். பால்கனியை ஒட்டிய கைவைத்த நாற்காலியில் காலையில் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். தண்ணீர் வேண்டுமா, பேச்சி. பேப்பர் கீழே விழுந்துவிட்டதா, பேச்சி. மின்விசிறியைக் கூட்ட வேண்டுமா, அதற்கும் பேச்சி.

கடையில் ஏவிப் பழகிய நாக்கு. ஏவ அங்கே ஆளில்லாததால் இங்கே ஏவுகிறார் என்று அவள் நினைத்தாள். ஆடிப் பெருக்குக்கு அவளுடைய அண்ணன் ஊரிலிருந்து வந்தார், எழுபத்தைந்து வயது மனுசர், கையில் பழத்தட்டோடு. இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "வாங்க மச்சான், உக்காருங்க" என்றார். எழுந்து நிற்கவில்லை. அண்ணன் போன பிறகு பேச்சியம்மாள் கத்தின கத்தலில் எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது. அவர் பதிலே பேசவில்லை. அதுவும் திமிர்தான்.

மெத்தைப் பேச்சு எப்போது தொடங்கியது என்று அவளுக்கு நினைவில்லை. ஒருநாள் திடீரென்று பழைய இலவம்பஞ்சு மெத்தை ஆகாது என்றார். முதுகுக்குக் கேடு என்றார். பிறகு தினமும் பாடம்தான். ரப்பர் மரத்துப் பாலிலிருந்து செய்வது. மருந்தடிக்காத தோட்டத்து மரம். உறைகூட உரம் போடாத பருத்தி. சான்றிதழ் இருக்கிறது, ஜெர்மனிக்காரன் கொடுத்தது.

"படுக்கிறதுக்கு எதுக்கு சர்ட்டிபிகேட்?" என்றாள் அவள்.

"உனக்குப் புரியாது."

"நாலு தெரு தாண்டுனா வரிசையா மெத்தக் கடை. போய்ப் படுத்துப் பாத்து வாங்குங்களேன். ஊரு பூரா தொட்டுப் பாரு தொட்டுப் பாருன்னு சொன்ன ஆளுதான நீங்க?"

அவர் முகம் சட்டென்று இறுகியது. "கடையில அஞ்சு நிமிசம் படுத்து என்னத்தளா கண்டுபிடிப்ப? ஆயிரம் பேரு வாங்கிப் படுத்துட்டு எழுதியிருக்கான். இந்தா, எழுபது வயசுக்காரன், சேலத்துக்காரன், எப்படி எழுதியிருக்கான் பாரு. படுத்துப் பாக்கதெல்லாம் படிக்கத் தெரியாதவன் செய்யிற வேல."

மருமகள் ஸ்வர்ணலதா அடுப்படியில் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பேச்சியம்மாள் அடக்கவில்லை. "அப்ப நீங்க போட்டாவ மட்டும் பாத்து என்னைக் கட்டுனதும் படிச்சவன் செஞ்ச வேலதான். வெளங்கிரும்" என்றாள்.

கடைசியில் அவரே கைபேசியில் அமுக்கி வாங்கினார். மூன்று கனத்தில் இருக்கிறது என்று காட்டினார்கள். இருப்பதிலேயே உயரமானதைக் கேட்டார். பாய்போலச் சுருட்டிக் கட்டி வந்ததைத் தூக்க முடியாமல் கொண்டுவந்தவர்கள் மூன்று முறை இறக்கி வைத்தார்கள். உறையைக் கிழித்ததும் உஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு அது தானே விரிந்தது. மாணிக்கவாசகம் அதன் ஓரத்தில் உட்கார்ந்தார், எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார், எழுந்தார். முகத்தில் பெரிய கண்டுபிடிப்புச் செய்தவனின் களை. அதைப் பார்க்கச் சகிக்காமல் அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

*

நாத்தனார் பொன்னுத்தாய் குரோம்பேட்டையிலிருந்து வந்து இறங்கியபோது தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. "எங்கூடப் பெறந்த பொறப்பே, என் ராசாவே" என்று படியேறி வந்து ஐஸ் பெட்டிமேல் விழுந்தாள். கண்ணாடி ஆடியது. ஒரு பாட்டம் அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "பேச்சி, சீனி போடாம ஒரு காப்பி குடுக்கச் சொல்லு. மாத்திரை போடணும்" என்றாள். காப்பி குடித்ததும் படுக்கையறையை எட்டிப் பார்த்தாள்.

"இந்த மெத்தையிலயா என் தம்பி செத்தான்?"

"ஆமா மதினி."

"நீ எங்க படுத்திருந்த?"

பேச்சியம்மாள் ஹாலைக் காட்டினாள்.

"நல்லாருக்கு" என்றாள் பொன்னுத்தாய். அந்த ஒரு சொல்லை அவள் சொன்ன விதத்தில், சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் பேச்சியம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். "புருசன் உள்ள ஒத்தையில கெடக்கான், பொண்டாட்டி வெளிய காத்து வாங்குதா. சரி, அத விடு. உசுரு போன மெத்தைய வீட்டுல வச்சிருக்கக் கூடாது. தூக்கும்போதே இதையும் தூக்கிப் போடச் சொல்லு."

பேச்சியம்மாள் காலிக் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். இவளுக்குப் பதில் சொன்னால் அதையும் ஒப்பாரியில் சேர்த்துப் பாடுவாள்.

மெத்தையைப் பற்றிப் பேசியது நாத்தனார் மட்டுமில்லை. பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், சிலிண்டர் வைத்திருக்கும் சந்தில், சக்திவேல் சுவரைப் பார்த்து நின்று கைபேசியில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தான். மாலைக்காரனிடம் பேசுகிறான் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.

"இல்லைங்க, மெத்தைல குறை ஒண்ணும் இல்ல. அப்பாவுக்கு செட் ஆகல, அவ்ளோதான். ட்ரையல் மூணு மாசம் இருக்குல்ல, அதுக்குள்ளதான சொல்றோம்... இல்லைங்க, கறை எதுவும் இல்ல. நான் பாத்துட்டேன். சுத்தமா இருக்கு. நாளைக்கு வேணாம், வீட்ல கொஞ்சம் விசேஷம். நாளைக்கழிச்சு அனுப்புங்க."

திரும்பியவன் அம்மாவைப் பார்த்தான். காதிலிருந்து கைபேசியை எடுத்தான்.

"எப்பல பாத்த?" என்றாள் அவள்.

"என்னம்மா?"

"கறை இல்லன்னு சொன்னியே. எப்பப் பாத்த?"

அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "அப்பாவத் தூக்கும்போது கண்ல பட்டுதும்மா. சும்மா தூக்கிப் போடுறதுக்குப் பதிலா... அத்தையும் வச்சிருக்கக் கூடாதுன்னு சொல்றாங்க. நீயும் அதுல படுக்கிறதில்ல."

பேச்சியம்மாள் மகனை ஏற இறங்கப் பார்த்தாள். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. அப்பன் படுத்துப் பார்க்காமல் வாங்கினான். மகன் அப்பன் செத்த அன்றைக்கே திருப்பிக் கொடுக்கிறான். குடும்பமே கைபேசிக்குள் குடியிருக்கிறது. "போ. கீழ மாலையோட ஆளு நிக்கான்" என்றாள்.

*

ஜும்மா தொழுகைக்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று வஹீத் பாய் மழையிலேயே நடந்து வந்திருந்தார். அப்துல் வஹீத் மாணிக்கவாசகத்தின் கடைக்கு நேரெதிரே பட்டன், ஜிப், நூல்கண்டு விற்பவர். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே டீ பல காலமாகப் போய் வந்துகொண்டிருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் தொப்பியைச் சரி செய்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றார். உதடு அசைந்தது. மாலையைப் போட்டார்.

ஸ்வர்ணலதா மாமியாரை வற்புறுத்திப் படுக்கையறைக்கு அழைத்துப் போய்ப் பாலைக் கையில் கொடுத்திருந்தாள். பேச்சியம்மாள் கட்டிலில் உட்காரவில்லை. அலமாரியில் சாய்ந்து நின்றபடி குடித்தாள். போய்வருவதாகச் சொல்ல வஹீத் பாய் கதவருகே வந்தார். பார்வை மெத்தையில் நின்றது.

"இதானா தங்கச்சி அது?"

"இதுதான் பாய். உங்ககிட்டயும் பாடம் நடத்தியிருப்பாரே? ரப்பர் பாலு, ஜெர்மனிக்காரன், எல்லாம்? உருட்டிப் பொரட்டிப் பாக்காம ஒரு துண்டு வாங்க மாட்டாரு. இத மட்டும் படுத்துப் பாக்காம வாங்குனாரு. என்ன லட்சணமோ."

வஹீத் பாய் அவளை வினோதமாகப் பார்த்தார். "படுத்துப் பாக்கலன்னு யாரு சொன்னது?"

"அவரேதான் சொன்னாரு."

பாய் திரும்பி ஹாலைப் பார்த்தார். ஸ்வர்ணலதா டம்ளரை வாங்கிக்கொண்டு வெளியே போனாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு. இனிமே இன்னா இருக்கு. ஆடித் தள்ளுபடி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடிமா. பாண்டி பஜார்ல ஒரு மெத்தைக் கடை. எனக்கு போன் பண்றாரு. பாய், கொஞ்சம் இங்க வந்துட்டுப் போறியளான்னாரு. இன்னா அண்ணாச்சி அவசரம்னா, ஒண்ணும் இல்ல, மெத்த பாக்கேன், நீங்களும் வந்து சொல்லுங்கன்றாரு. நானும் ஏதோ வெளையாட்டுன்னு போறேன். உள்ள தரையோட தரையா போட்டு வெச்சிக்கிறான் மெத்தைய. அதுல மல்லாக்கப் படுத்துக்கினு கீறாரு. கண்ணத் தொறந்துக்கினு மேல ஃபேனைப் பாத்துக்கினு. கடைக்காரன் சொல்றான், அய்யா ஒரு மணி நேரமா டெஸ்ட் பண்றாருங்க, எந்திரிங்கன்னா இன்னும் கொஞ்சம் பாக்கணும்ன்றாருன்னு."

பேச்சியம்மாள் அலமாரியிலிருந்து நிமிர்ந்து நின்றாள்.

"நான் பக்கத்துல குனிஞ்சேன். காதுல சொல்றாரு, பாய், எந்திரிக்க முடியல, காலு கேக்க மாட்டேங்குதுன்னு. அந்தக் கடையில ரெண்டு பசங்க நின்னுக்கினு சிரிக்கிறானுங்க. நான் இன்னா பண்ணேன், நானும் அவர் பக்கத்துல படுத்தேன். நல்லாத்தான் கீது அண்ணாச்சின்னு சத்தமா சொன்னேன். அப்பறம் வெளையாட்டா இழுக்கிற மாதிரி கையக் குடுத்துத் தூக்கிட்டேன். வெளிய வந்து ஆட்டோல ஒரு வார்த்தை பேசல. கடைசில சொல்றாரு, பேச்சிக்குத் தெரியக் கூடாது பாய், தெரிஞ்சா அவ தூக்கி விட வந்துருவான்னு."

"டாக்டர்கிட்ட போனாரா?"

"போலாம் போலாம்னு நான் கூப்புட்டுக்கினேதான் இருந்தேன். உக்காந்து எந்திரிக்கத்தான் கஷ்டம், ஒசரமா இருந்தா வந்துர்றேன் பாய்னு சிரிப்பாரு." அவர் மெத்தையின் கனத்தைக் கண்ணால் அளந்தார். "இது ஒசரமா கீது."

குடையை எடுத்துக்கொண்டு அவர் போனார். பேச்சியம்மாள் அங்கேயே நின்றாள். ஆடித் தள்ளுபடிக்கு முன்னால். அண்ணன் பழத்தட்டோடு வந்தது ஆடிப் பதினெட்டு.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, இதுவரை வராத கோபம். எதிர்க்கடை பட்டன் வியாபாரியைக் கூப்பிடத் தெரிந்திருக்கிறது. நடுக்கடையில் ஒரு மணி நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடக்கத் தெரிந்திருக்கிறது. அடுப்படியில் நிற்கிற பெண்டாட்டியை, "ஒரு கை குடு" என்று கேட்க மட்டும் வாய் வரவில்லை. தண்ணீர் கொண்டா, பேப்பர் எடு, விசிறியைப் போடு என்று ஆயிரம் ஏவல் ஏவின வாய்.

*

மழை விட்ட நேரத்தில் எடுக்க வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். நீர்மாலை எடுத்து வந்து குளிப்பாட்டி, கோடி போர்த்தினார்கள். கோடித் துணி அவருடைய கடை வேட்டிதான். யாரோ வழக்கம்போல விளிம்பைத் தேய்த்துப் பார்த்து, "நல்ல நூலு" என்றார்கள்.

வாய்க்கரிசி போட அவளைக் கூட்டி வந்தார்கள். பேச்சியம்மாள் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் திருநீறு, மூக்கில் பஞ்சு, எதையோ வாசித்து முடித்துவிட்டு அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தயாராக இருப்பதுபோல அதே மூஞ்சி.

"அறிவு கெட்ட மனுசா" என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அது பொன்னுத்தாயின் காதில் ஒப்பாரியாக விழுந்துவிட்டது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஓங்கி அழுதாள். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சத்தத்துக்குள் அரிசி விழுந்தது. நாலு பேர் தூக்கினார்கள். படியில் திரும்பும்போது முன்னால் போனவன், "பாத்து, பாத்து, இடது பக்கம்" என்று சொன்னது கேட்டது. பிறகு கீழே சங்கு ஊதியது. வண்டி கண்ணம்மாபேட்டைச் சுடுகாட்டுப் பக்கம் திரும்பும்வரை ஸ்வர்ணலதா பால்கனியில் நின்றாள். பேச்சியம்மாள் போகவில்லை.

வீட்டு வேலை செய்யும் முத்தம்மா ஹாலில் தண்ணீரை ஊற்றித் தள்ளத் தொடங்கினாள். பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். பொன்னுத்தாய்க்கு உடனே மெத்தை ஞாபகம் வந்துவிட்டது.

"ஏ முத்தம்மா, அந்த மெத்தையப் பிடி. நீ ஒரு பக்கம், மருமவ ஒரு பக்கம். மாடிப்படிக்கிட்ட வச்சிருவோம். ஆம்பளைய வந்து கீழ போடட்டும்."

"இன்னாம்மா சொல்ற, அது ஆன கணக்கா கீது. ரெண்டு பேரு தூக்குறதா?" என்றாள் முத்தம்மா.

"அது கம்பெனிக்காரங்க எடுக்க வருவாங்க. எங்க வீட்டுக்காரர் போன்ல சொல்லிட்டாரு. அழுக்காகாம இருக்கட்டும்" என்றாள் ஸ்வர்ணலதா.

"கம்பெனிக்காரன் எதுக்கு எடுக்கான்?"

"ரிட்டர்ன் போட்டிருக்கு."

பொன்னுத்தாய் மோவாயில் கை வைத்தாள். "ரூவா திரும்பக் குடுப்பானா? அப்ப சரி. அவன் வர்ற வரைக்கும் கெடக்கட்டும். சுத்தி மஞ்சத் தண்ணி தெளிச்சிரு, தோஷம் போயிரும்."

பேச்சியம்மாள் ஈரத்தரையில் நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் உரக்கப் பேசியதே இல்லை. "யாரும் எடுக்க வேண்டாம்" என்றாள்.

"என்னது?"

"மெத்த எங்கயும் போகாது. கம்பெனிக்காரன் வந்தா நான் பேசிக்கிடுதேன். அவருக்கு அது செட் ஆச்சுன்னு சொல்லுதேன்."

"உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா பேச்சி? உசுரோட இருந்தப்ப ஒரு நா அதுல படுக்க மாட்டேன்னு வெளிய வந்து கெடந்தவ, இப்ப..."

"ஆமா மதினி. வெளியதான் கெடந்தேன். அதுக்கு என்ன செய்யச் சொல்லுதிய?"

பொன்னுத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துவைத்த சேலை இருக்கிறதா என்று ஸ்வர்ணலதாவிடம் கேட்டாள். உடலை எடுத்தாகிவிட்டது, எல்லாரும் தலைக்குக் குளிக்க வேண்டும். அடுப்படிப் பக்கத்துக் குளியலறை வாசலில் ஐந்தாறு பெண்கள் வரிசையில் நின்றார்கள். உள்ளே போனவள் வெளியே வருவதாக இல்லை.

"நீங்க அந்த பாத்ரூமுக்குப் போயிடுங்க அத்தை" என்று ஸ்வர்ணலதா மாற்றுச் சேலையைக் கொடுத்தாள்.

படுக்கையறையோடு சேர்ந்த குளியலறை அது. அவர் மட்டும் புழங்கியது. கைபேசியை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்பதால் அவள் அங்கே போவதையே விட்டுவிட்டாள். முத்தம்மா கழுவி விட்டு வருவாள். பேச்சியம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சவரக் கிரீம் வாசனை. மூலையில் வாளி. வெஸ்டர்ன் கக்கூஸ் கோப்பைக்கு மேலே சின்ன ஜன்னல்.

ஜன்னல் கம்பியில் ஒரு துண்டு கட்டியிருந்தது. கடைத் துண்டு, சிவப்புக் கரை வைத்தது. கயிறாகத் திரித்து, கம்பியைச் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டு, கோப்பையில் உட்கார்ந்தால் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிட்டிருந்தது. பிடிக்கும் இடத்தில் மட்டும் துணி கறுத்து, வழவழவென்று ஆகியிருந்தது.

அவிழ்த்து நனைத்து வைக்கலாம் என்று கையை நீட்டினாள். முடிச்சு அசையவில்லை. இழுத்து இழுத்து இறுகிக் கட்டையாகிவிட்டிருந்தது. நகத்தால் நெம்பினாள். எக்கி நின்று பல்லால் கடித்துப் பார்த்தாள். ஒரு நூல்கூடத் தளரவில்லை. எத்தனை நாளாக இழுத்திருந்தால் இப்படி ஆகும்.

வெளியே கதவைத் தட்டினார்கள். "பேச்சி, தொட்டித் தண்ணி கொஞ்சமாத்தான் இருக்காம். பாத்து ஊத்து" என்றாள் பொன்னுத்தாய்.

பேச்சியம்மாள் குழாயைத் திறந்து வாளியில் சத்தமாக விழவிட்டாள். பிறகு கோப்பையின் மூடியைச் சாத்தி அதன்மேல் உட்கார்ந்தாள். துண்டை இரண்டு கையாலும் பிடித்து, காலில் பலமே இல்லாதவள்போல முழுக் கனத்தையும் அதில் போட்டு எழுந்தாள்.

மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.